பி. ரம்லி: பாட்டும் உரிமையும்

பினாங்கு மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயர் ஈத்தாம். மலை இரயில் புறப்படும் நிலையமும் கெக் லோக் சி கோயிலும் அவ்வூருக்குப் பெருமை சேர்க்கின்றன. அங்கிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் ஜார்ஜ் டவுன் நகரை அடைந்துவிடலாம். அந்நகரில் ஜாலான் பி. ரம்லி என்றொரு சாலை உண்டு. அச்சாலையில் உள்ள பழைய மரவீடு ஒன்று இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. மலாய்த் திரையுலகின் தலைசிறந்த கலைஞரான பி. ரம்லி இளமையில் வாழ்ந்த வீடு அது.

பி. ரம்லியின் பாடல்களைக் கேட்டிராத மலேசியர் அரிது. திருமண வீடுகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவை இன்றும் ஒலிக்கின்றன. ஆனால், அப்பாடல்களைப் படைத்தவரோ தம் இறுதி நாள்களில் பண நெருக்கடியில் வாடினார். நாடே விரும்பிப் பாடிய பாட்டு, அதைப் படைத்தவரின் வறுமையைப் போக்காமல் போனது ஏன்? அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

பி. ரம்லியின் இயற்பெயர் தெயூக்கு சக்காரியா. அவர் 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை தெயூக்கு ஞாக் பூத்தே, சுமத்திராவின் அச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாயார் சே மா, பட்டர்வொர்த் பகுதியைச் சேர்ந்தவர். ரம்லி முதலில் கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பின்னர் பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பினாங்கு பிரீ பள்ளியிலும் கல்வி பயின்றார். ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது அவருடைய படிப்பு தடைப்பட்டது.

படிப்பு தடைப்பட்டாலும் இசை ஆர்வம் தணியவில்லை. உகுலேலே, கித்தார், வயலின் ஆகிய கருவிகளை ஒவ்வொன்றாகக் கற்றார். ஊரிலிருந்த இசைக்குழுக்களில் சேர்ந்து பாடினார். 1947ஆம் ஆண்டு மலாயா வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். தந்தை பெயரான பூத்தேயின் ஆங்கில முதலெழுத்தைத் தம் மேடைப் பெயரின் முன்னே சேர்த்துக்கொண்டதால் அவர் பி. ரம்லி ஆனார்.

1948ஆம் ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதை, இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிவந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். அவர் அழைப்பை ஏற்று, பத்தொன்பது வயது ரம்லி சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். அங்கே ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் என்னும் படப்பிடிப்புத் தளம் இயங்கி வந்தது. முதற்படமான 'சிந்தா'வில் வில்லனாக நடித்ததோடு பின்னணியும் பாடினார். 1950இல் வெளிவந்த 'பக்தி' படத்தில் கதாநாயகன் ஆனார். அப்படத்தை இயக்கியவர் பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன். கதாநாயகனுக்கு வேறொருவர் பின்னணி பாடும் வழக்கத்தை மாற்றி, ரம்லியையே பாட வைத்தவர் அவர்.

தொடக்கக் கால மலாய்ப் படங்களில் இந்துஸ்தானிப் பாட்டுகளின் மெட்டுகளுக்கு மலாய்ச் சொற்களைப் பொருத்தி அமைக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. ரம்லி இப்பாதையில் நின்றுவிடவில்லை. ஜோகெட், அஸ்லி ஆகிய மலாய் இசை வகைகள், இந்துஸ்தானி இசை, அயல்நாட்டு சம்பா, ரும்பா தாளங்கள் ஆகிய அனைத்தையும் உள்வாங்கித் தமக்கே உரிய மெட்டுகளை உருவாக்கினார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தாளமும் இசை வகையும் பொதுச்சொத்து. யாரும் அவற்றைப் பயன்படுத்தலாம். அவற்றைக் கொண்டு ஒருவர் தம் அறிவாலும் உழைப்பாலும் ஆக்கிய குறிப்பிட்ட மெட்டு மட்டும் அவருடைய படைப்பு. இப்படைப்புக்கு உலகச் சட்டங்கள் தரும் பாதுகாப்பே பதிப்புரிமை எனப்படுகிறது.

1955இல் திரிஷா ஓட்டும் ஏழை இளைஞனின் கதையைச் சொல்லும் 'பெனாரிக் பேச்சா' படத்தை ரம்லி தாமே இயக்கினார். 'ஹங் துவா' படத்தின் இசைக்காக 1956இல் ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு தோக்கியோவில் நடந்த விழாவில், 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தையாகவும் மகனாகவும் நடித்ததற்காகச் சிறந்த நடிகர் விருதை வென்றார். தம் வாழ்நாளில் அவர் 66 படங்களில் நடித்தார். 34 படங்களை இயக்கினார். நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடினார்.

இத்தனை புகழ் பெற்றபோதும் அவர் ஒரு சம்பளக்காரராகவே இருந்தார். ஜாலான் அம்பாஸ் கலைஞர்கள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மாதச் சம்பளத்துக்குப் பணியாற்றினர். முதல் போட்டவரும் நட்டத்தைத் தாங்கியவரும் நிறுவனத்தாரே. ஆகவே படமும் அவர்களுக்கே உரியதாயிற்று. அன்று சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம். பணியில் இருக்கும் ஒருவர் அப்பணிக்காக ஆக்கிய படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே உரியது என்று அச்சட்டம் வகுத்திருந்தது. படம் மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டாலும், சம்பளம் வாங்கி முடித்த கலைஞருக்கு அதில் பங்கு கேட்க வழியில்லை.

கலைஞர்களின் நலனுக்காகப் போராடாமலும் ரம்லி இருக்கவில்லை. பெர்சாமா என்ற மலாயாக் கலைஞர் சங்கத்துக்கு அவர் தலைமை ஏற்றார். 1957ஆம் ஆண்டு அச்சங்கத்தார் நல்ல ஊதியம் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. எனினும், அப்போராட்டத்தின் மையக் கோரிக்கை ஊதியமே. ஊதியம் வேலை செய்யும் காலம் வரையில்தான் வரும். உரிமையோ படைப்பு வாழும் காலமெல்லாம் பயன் தரும். இந்த வேறுபாட்டின் கடுமையை ரம்லி பின்னாளில் அனுபவிக்க நேர்ந்தது.

1964ஆம் ஆண்டு ரம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்புத் தளத்தில் பணியைத் தொடர்ந்தார். அவர் மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமான சலோமாவும் உடன் சென்றார். அங்கே வசதிகள் குறைவாக இருந்தன. வண்ணப் படங்களும் தொலைக்காட்சியும் கறுப்பு வெள்ளை மலாய்ப் படங்களின் செல்வாக்கைக் குறைத்தன. புதிய தலைமுறை வேறு இசையை நாடியது. இருந்தும் ரம்லி சோர்ந்துவிடவில்லை. 1971இல் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில் நாட்டின் இசையை உயர்த்தும் வழிகள் குறித்துக் கட்டுரை படைத்தார். 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படமாக அமைந்தது.

1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 44 மட்டுமே. அவர் ஆக்கிய படங்கள் அவர் மறைந்த பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, பிறந்திராத தலைமுறையையும் சிரிக்கவும் அழவும் வைத்தன. 1982இல் கோலாலம்பூரின் முக்கியச் சாலை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1986இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவு நூலகமாயிற்று. 1990இல் மறைவுக்குப் பிந்திய சிறப்பாக டான் ஶ்ரீ விருதும் வழங்கப்பட்டது. உயிரோடிருந்தபோது கிடைக்காத ஆதரவு, அவர் கண்மூடிய பின்னர் பாராட்டாக வந்து சேர்ந்தது.

பாராட்டு மட்டும் போதாது என்பதை நாடும் உணர்ந்தது. 1969ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக, மேலும் விரிவான பதிப்புரிமைச் சட்டம் மலேசியாவில் 1987இல் இயற்றப்பட்டது. படைப்பாளரின் பெயரைக் குறிப்பிடவும், படைப்பைச் சிதைக்காமல் காக்கவும் அச்சட்டம் உரிமை வழங்குகிறது. 1989இல் இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி எனப்படும் உரிமைத்தொகையைத் திரட்டித் தரும் எம்ஏசிபி என்ற அமைப்பு தோன்றியது. 1990இல் மலேசியா பெர்ன் உடன்படிக்கையில் இணைந்ததால், இங்குள்ள படைப்புகளுக்கு அயல்நாடுகளிலும் பாதுகாப்புக் கிடைத்தது.

மலேசியச் சட்டப்படி இசைப் படைப்பின் உரிமை, படைத்தவரின் ஆயுளுக்கும் அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. எனவே, ரம்லி தனித்து அமைத்த மெட்டுகளின் பதிப்புரிமைக் காலம் 2023ஆம் ஆண்டோடு நிறைவுற்றது. ஆயினும், ஒரு பாட்டில் மெட்டு, வரிகள், ஒலிப்பதிவு என்று வெவ்வேறு உரிமைகள் அடங்கியுள்ளன. சான்றாக, அவருடைய புகழ்பெற்ற 'கெத்தாரான் ஜீவா' பாடலின் வரிகளை எழுதியவர் எஸ். சுடர்மாஜி. அவ்வரிகளின் உரிமைக்காலம் தனியே கணக்கிடப்படும். பொதுச்சொத்தான மெட்டையும் அதைப் படைத்தவரின் பெயரைச் சொல்லிப் பாடுவதே பண்பாகும்.

இன்றும் பணிக்காலத்தில் ஆக்கிய படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணி கொடுத்தவரையே சேரும். கூலிக்கு வரைந்து கொடுக்கும் சின்னத்துக்கும் அமைத்துத் தரும் மெட்டுக்கும் இந்த விதி பொருந்தும். ஆகவே, கையொப்பம் இடும் முன் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்வது இளங்கலைஞர்களின் கடமை. தாமே சொந்தமாகப் படைப்பவருக்கோ, படைப்பை எழுத்திலோ பதிவிலோ வடித்த அந்நேரமே உரிமை பிறந்துவிடுகிறது. விரும்பினால் அதை மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் தெரிவித்துச் சான்றும் பெறலாம்.

ஆயர் ஈத்தாமில் ஒரு மாணவி இன்று சொந்தமாக ஒரு மெட்டை அமைத்துக் கைப்பேசியில் பதிவு செய்தால், அது அவளுடைய சொத்து. சில கிலோமீட்டர் தொலைவில், அந்த மரவீட்டில் இருந்து புறப்பட்ட சிறுவனுக்குத் திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. தன் பாட்டின் மேல் தனக்குள்ள உரிமையைக் காக்கும் வழி மட்டும் வாய்க்கவில்லை. அவ்வழி இன்று திறந்திருக்கிறது. அதை அறிந்து பயன்படுத்துவதும், பிறர் படைப்பை அனுமதியின்றி எடுத்தாளாமல் இருப்பதும் பி. ரம்லிக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.