துன் முத்தாஹிர்: பதவியும் வியாபாரமும் ஒரே கையில்



மலாக்காவில் ஜாலான் துக்காங் அமாஸ் வீதியில், 1748-ஆம் ஆண்டில் நம் முன்னோர்களான வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அதில் தொழுதுவிட்டு வெளியே வந்து நின்று, பழம்பெருமை பேசுவது நம்மவர் வழக்கம். அப்பேச்சில் துன் முத்தாஹிர் பெயர் எப்படியும் வந்துவிடும். நம் வழியில் வந்த ஒருவர் இந்நாட்டுச் சுல்தானுக்கு அடுத்த பெரும் பதவியில் இருந்தார் என்று மகிழ்கிறோம். ஆனால் அவர் எவ்வாறு உயர்ந்தார் என்பதைப் பேசும் நாம், எவ்வாறு முடிந்தார் என்பதைப் பேசுவதில்லை. அதில்தான் நமக்குரிய படிப்பினை இருக்கிறது.

துன் முத்தாஹிரின் பாட்டனார் பெயர் மணி புரிந்தான். இந்திய நாட்டிலிருந்து கப்பலேறி வந்து, மலாக்காவில் குடியேறி, இங்குள்ள பிரபுக்கள் குடும்பத்தில் பெண் எடுத்தவர் என்று செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. அவருடைய மகன் துன் அலி பெண்டஹாரா ஆனார். பெண்டஹாரா என்றால் இன்றைய பிரதம மந்திரி, பிரதம நீதிபதி ஆகிய இரு பதவிகளும் சேர்ந்தது போன்றது. பின்னர் அப்பதவி புகழ்பெற்ற துன் பேராக்கிடம் சென்றது. துன் அலிக்கும், துன் பேராக்கின் சகோதரி துன் குடுவுக்கும் பிறந்தவரே துன் முத்தாஹிர். அவருடைய சகோதரி துன் செனாஜா சுல்தான் அலாவுத்தீனுக்கு மனைவியானார். அவர் வயிற்றில் பிறந்தவர் சுல்தான் மஹ்மூது ஷா. ஆகவே, துன் முத்தாஹிர் சுல்தானுக்குத் தாய்மாமன்.

1500-ஆம் ஆண்டளவில் துன் முத்தாஹிர் பெண்டஹாரா ஆனார். திறமைசாலி, நீதியாளர், அந்நியர்களை ஆதரித்தவர், அவர் காலத்தில் மலாக்கா மேலும் செழித்தது என்று வரலாற்று நூல் அவரைப் புகழ்கிறது. குஜராத்திகள், சோழமண்டலக் கரையார், பெகு நாட்டார், ஜாவாக்காரர், சீனர் என்று எத்தனையோ தேசத்து வணிகர்கள் இங்கே கூடினார்கள். அவர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள்.

அக்காலத்து முறை எப்படி என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ் அதை எழுதி வைத்திருக்கிறார். மேற்குத் திசையிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி. அதற்கு மேல் சுல்தானுக்கும், பெண்டஹாராவுக்கும், துமெங்கோங்குக்கும், தங்கள் தேசத்து ஷாபந்தருக்கும் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்று காணிக்கை வைக்க வேண்டும். எது வரி, எது அன்பளிப்பு, எது கைக்கூலி என்று பிரித்துச் சொல்லக்கூடிய கோடு அங்கே இல்லை.

பெண்டஹாரா சும்மா காணிக்கை வாங்குபவராக மட்டும் இருக்கவில்லை. அவரே பெரிய வியாபாரி. அவர் போட்ட முதலுக்கு நஷ்டமே வந்ததில்லை என்றும், பொன்னைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கும் அளவுக்குச் செல்வம் குவிந்தது என்றும் நூல் கூறுகிறது. வழக்கைத் தீர்ப்பவரே கப்பலும் விட்டால், அவருடன் போட்டியிடும் வணிகன் யாரிடம் போய் முறையிடுவான்? போதாக்குறைக்கு, நகரக் காவலைப் பார்க்கும் துமெங்கோங் பதவியில் இருந்தவர் அவருடைய சொந்த மகன் துன் ஹஸன். அவர்கள் அநியாயம் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று நம்புவதற்கு வழியில்லாமல் போயிற்று என்பதே என் கருத்து.

இந்நிலையில் ஒரு வழக்கு வந்தது. ஷாபந்தராக இருந்த ராஜா முதலியாருக்கும், வணிகர்களின் தலைவரான நைனா சூரா தேவானாவுக்கும் தகராறு. இருவரும் நம் கரையிலிருந்து வந்தவர்களே. வழக்கு பெண்டஹாராவிடம் போயிற்று. தீர்ப்பு வருமுன் ஒருநாள் இரவு, நைனா சூரா தேவானா பொன்னை எடுத்துக்கொண்டு பெண்டஹாராவின் மாளிகைக்குச் சென்றார். எதிராளி முந்திக்கொள்வானோ என்ற பயம் அவருக்கு. பெண்டஹாரா அந்தப் பொன்னைப் பெற்றுக்கொண்டார்.

நைனா சூரா தேவானாவிடம் கடன்பட்டிருந்த கிதுல் என்பவனுக்கு இது தெரிந்தது. அவன் ராஜா முதலியாரிடம் ஓடி, அவரைக் கொல்லுவதற்காகவே அந்தப் பொன் கொடுக்கப்பட்டது என்று ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னான். பொன் கைமாறியது உண்மையாக இருந்தபடியால், மற்றதும் உண்மை என்றே ராஜா முதலியார் நம்பினார். உயிர்ப்பயத்தில் அவரும் பொன்னும் மணியும் வாரிக்கொண்டு லக்ஸமானா கோஜா ஹஸனிடம் போனார். லக்ஸமானா அதை வாங்கிக்கொண்டு, பெண்டஹாரா சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டுச் சதி செய்கிறார் என்று சுல்தானிடம் சொன்னார்.

சுல்தானுக்கு ஏற்கெனவே மனக்குறை இருந்தது. பெண்டஹாரா தம் அழகிய மகள் துன் பாத்திமாவைச் சுல்தானுக்குக் காட்டாமல், துன் அலி என்ற உறவினருக்கு மணம் முடித்துவிட்டார் என்பதே அக்குறை. ஆகையால் விசாரணை நடக்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. 1510-இல் மரண தண்டனை நிறைவேற்ற ஆட்கள் வந்தார்கள். மகன் துன் ஹஸன் எதிர்த்துப் போரிட முனைந்தபோது, அரசருக்குத் துரோகம் செய்வது நம் வழக்கமல்ல என்று தந்தை தடுத்துவிட்டார். துன் முத்தாஹிரும், துன் ஹஸனும், மருமகன் துன் அலியும், குடும்பத்து ஆண்கள் பலரும் அன்றே மாண்டார்கள். துன் பாத்திமாவைச் சுல்தான் மணந்துகொண்டார்.

குற்றச்சாட்டு பொய் என்று பிறகு தெரிந்தது. ராஜா முதலியாரும் கிதுலும் கொல்லப்பட்டார்கள். லக்ஸமானாவின் சொத்து பறிக்கப்பட்டது. ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, 1511 ஆகஸ்டில், அல்புகெர்க்கின் தலைமையில் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அனுபவமுள்ள தலைவர்களை இழந்து, உள்ளுக்குள் பிளவுபட்டிருந்த நகரம் அது.

செஜாரா மெலாயுவைத் தொகுத்த துன் ஸ்ரீ லானாங், துன் முத்தாஹிரின் வழித்தோன்றல். தம் முன்னோரைப் புகழ்ந்த நூலிலேயே, இரவில் வந்த பொன்னை அவர் வாங்கியதையும் மறைக்காமல் விட்டிருக்கிறார். அதை நாமும் மறைக்கலாகாது.

இது 500 ஆண்டுக்கு முந்திய கதை என்று தள்ளிவிட முடியாது. மதரஸாவில் ஓதியவர்கள் இப்னுல் லுத்பிய்யாவின் சம்பவத்தை அறிவார்கள். ஜகாத் வசூலித்து வந்த அவர், இவ்வளவு உங்களுக்கு, இவ்வளவு எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்தபோது, தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இந்நாட்டுச் சட்டமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. அரசு ஊழியரின் நடத்தை பற்றிய 1993-ஆம் ஆண்டு விதிகள், சொந்த நலனுக்காகப் பொதுக் கடமையைத் தாழ்த்தக்கூடாது என்கின்றன. அன்பளிப்பு, வெளிவேலை, சொத்து விவரம் ஆகியவற்றுக்கும் வரம்பு வைக்கின்றன. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமக்கோ, உறவினருக்கோ, கூட்டாளிக்கோ நலன் உள்ள விஷயத்தில் ஓர் அதிகாரி முடிவெடுத்தால், ஆதாயத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்றே அது கருதும். அப்படியில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இச்சட்டம் மாநில ஊழியர்களுக்கும் பொருந்தும். துன் முத்தாஹிர் காலத்தில் இல்லாத கோடு இதுதான்.

நமக்கும் இதில் பங்குண்டு. அந்த இரவில் கதவைத் தட்டியவர் வணிகர். லக்ஸமானாவின் வீட்டுக்குப் போனவரும் வணிகர். லஞ்சம் கொடுப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே. 2020 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 17ஏ பிரிவின்படி, கம்பெனிக்காகவோ கூட்டு வியாபாரத்துக்காகவோ யாராவது லஞ்சம் கொடுத்தால், அந்த வியாபாரமே பதில் சொல்ல வேண்டும். அபராதம் லஞ்சத் தொகையைப் போல் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் ரிங்கிட், இவற்றுள் எது அதிகமோ அதற்குக் குறையாது.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கடை லைசென்சைப் புதுப்பிக்கும் நேரத்தில் பெருநாள் வந்தது. தெரிந்த அதிகாரி ஒருவருக்குப் பலகாரப் பெட்டி கொண்டு போனேன். அவர் எழுந்து சலாம் சொல்லி, நலம் விசாரித்து, பெட்டியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நம்மை மதிக்கவில்லையே என்று வருத்தத்துடன் வீடு திரும்பினேன். துன் முத்தாஹிரின் சரித்திரத்தைப் படித்த பின்புதான், அவர் தம்மையும் காத்து என்னையும் காத்தார் என்பது விளங்கிற்று. அந்தப் பெட்டியை அவர் வாங்கியிருந்தால், நியாயமாகக் கிடைத்த என் லைசென்சையும் பக்கத்துக் கடைக்காரர் சந்தேகித்திருப்பார்.

ஆகவே சகோதரர்களே, அலோர் காஜாவிலோ, ஜாசினிலோ, மலாக்கா நகரிலோ, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தாள்களைச் சரியாக எடுத்துக்கொண்டு பகலில் போவோம். ரசீது வாங்கிக்கொண்டு திரும்புவோம். நம் பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்தால், நம் கடை சம்பந்தமான கோப்பை அவர்கள் தொடாமல் வேறு அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொல்வோம். துன் முத்தாஹிரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுவே. வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பானாக. ஆமீன்.