கலாயோகி கண்ட கொடியும் பூவும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களை நடராச வடிவத்தின் பொருளை மேனாட்டார்க்கு உணர்த்திய ஞானியாக நம் மாணவர் அறிவர். கைவினைஞர் தீட்டிய பூவையும் புள்ளையும் அப்பெரியார் ஆராய்ந்த வரலாற்றையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதராகிய எலிசபெத் அம்மையாருக்கும் மைந்தராக 1877இற் கொழும்பிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனிலே நிலவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கினார். கல்லைத் தேடிச் சென்றவர் கண்டிநாட்டு ஊர்களிலே கலையைக் கண்டார். துணைவியார் எதெல் அம்மையார் நிழற்படம் எடுத்துதவினார்.

1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் அரண்மனைப் பட்டறைகளை ஆதரிப்பாரில்லை. தந்தையின் தொழிலை மைந்தர் கைவிடத் தொடங்கிய காலம் அது. மறையுமுன் எழுதிவிட வேண்டுமென்று விரைந்தார் குமாரசுவாமி. அன்னமும் மகரமும், இருதலைப் பட்சியும், சுருண்டோடும் கொடியும், தாமரையும் அவர்தம் ஏட்டில் இடம்பெற்றன. கொடியிற் பெண்ணுருவே மலராய்ப் பூக்கும் நாரிலதையும் இடம்பெற்றது. தாவரவியல் கற்றவர் அதனைக் காட்டில் தேடினாரல்லர்! பரம்பரை வழியாக நெஞ்சிற் பதிந்த வடிவத்தையே கைவினைஞன் வரைகின்றான், கண்முன் நிற்கும் செடியைப் பார்த்தன்று என்பதே அவர் கண்ட உண்மை. அக்காலத்திலே பிரான்சின் நான்சி நகரிற் புகழ்பெற்றிருந்த எமில் கல்லேயும் தாவரவியல் அறிந்தவரே. அவரோ தும்பியையும் மலரையும் இயற்கையில் நுணுகி நோக்கிக் கண்ணாடிக் கலங்களில் அமைத்தார். இரண்டும் அழகே. எனினும், பூ வரைக என்றதும் அச்சுப்படத்தைத் தேடும் நம் மாணவர், வாசற் கோலத்துத் தாமரையை எந்தப் படத்தையும் பாராது தாயார் இடுவதை ஒருகால் உற்றுநோக்குவாராக.

அவ்வாராய்ச்சி 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலாக 1908இல் முற்றுப்பெற்றது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 425 படிகள் அச்சிடப்பெற்றன.

1917இற் பொஸ்டன் நகரக் கலைக்கூடத்திற் பதவியேற்றார். 1928இலும் 1931இலும் வெளிவந்த 'யக்ஷர்' என்னும் நூற்பகுதிகளிலே, தாமரை, மகரம், பூரணகும்பம் ஆகியவை உயிர்தரும் நீரின் குறிகளென விளக்கினார். குளத்து நீரை நம்பி வாழும் வன்னி மக்களாகிய நாம் நிறைகுடம் வைக்குந்தோறும் அவ்விளக்கம் நினைவுக்கு வருகின்றது.

முதுமையில் இந்தியா திரும்ப எண்ணியிருந்த அப்பெரியார், 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவிலேயே இறைவனடி சேர்ந்தார்.