மூளையில் முகத்தைத் தேடிய டாக்டர் பென்பீல்டு

கனடாவில் புகழ் பெற்ற மூளை ஆபரேஷன் நிபுணர் வைல்டர் பென்பீல்டு, பிறந்தது அமெரிக்காவில். ஸ்போக்கேன் என்ற ஊரில் 1891-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி பிறந்தார். தந்தையும் டாக்டர்தான். தொழில் நொடித்துப்போகவே, தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். பென்பீல்டுக்கு அப்போது 8 வயது.

உதவிச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டில் படித்தார். 1916-ல் அவர் பயணம் செய்த கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. காலில் காயத்தோடு உயிர் தப்பினார்.

அக்காளுக்கு ஆபரேஷன்

1928-ல் மாண்ட்ரீலில் குடியேறினார். அதே ஆண்டு அவருடைய அக்காள் ரூத், மூளையில் கட்டியோடு வந்தார். சொந்த ரத்தத்தின் மீது கத்தி வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் பென்பீல்டே ஆபரேஷன் செய்தார். கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை. 1931-ல் ரூத் இறந்தார். மூளை நோய்க்கென்றே தனி நிலையம் வேண்டும் என்ற அவரது எண்ணம் உறுதிப்பட்டது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பண உதவியுடன் 1934-ல் அந்த நிலையம் திறக்கப்பட்டது.

விழித்திருந்த நோயாளிகள்

காக்காய் வலிப்புக்குக் காரணமான பகுதியை வெட்டி எடுக்கும்போது, பேச்சையோ கையையோ இயக்கும் பகுதி சேதமாகிவிடக் கூடாது. எது எங்கே என்று எப்படி அறிவது?

மூளைக்கு வலி தெரியாது. எனவே மண்டைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை லேசான மின்சாரத்தால் தொட்டார். ஓரிடத்தில் தொட்டால் உதடு விறுவிறுத்தது, மற்றோரிடத்தில் கட்டைவிரல். நோயாளி சொல்லச்சொல்ல, அங்கே எண் எழுதிய சிறு காகிதத்தை வைத்தார்.

1937-ல் பென்பீல்டும் போல்ட்ரேயும் வெளியிட்ட படம் விசித்திரமானது. உடம்பு தலைகீழாகக் கிடந்தது. கால் உச்சியில், கை நடுவில், முகம் கீழே. உதட்டுக்குக் கிடைத்த இடம் முதுகுக்குக் கிடைக்கவில்லை! உதட்டில் ஒரு மயிர் பட்டாலும் உடனே தெரிகிறதே, அதற்கு இது முக்கிய காரணம்.

மற்றப் பிராணிகளுக்கும் இப்படித்தான். பன்றிக்கு மூக்கு பெரிது. சுண்டெலியின் மூளையிலோ, ஒவ்வொரு மீசை மயிருக்கும் தனித்தனிப் பாத்தி உண்டு என்று 1970-ல் வேறு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் மீசை இருக்கும் வரிசையிலேயே பாத்திகளும் இருந்தன.

பென்பீல்டு 1960-ல் ஓய்வு பெற்றார். மூளையைத் தவிர மனம் என்று தனியே ஒன்று உண்டா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. அதுபற்றி 1975-ல் புத்தகம் எழுதினார். மறு ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி மாண்ட்ரீலில் காலமானார். வயது 85.