புதுப்பாளையத்தில் இராஜாஜி

நாமக்கல் சமவெளியின் மேற்கிலும் தெற்கிலும் காவிரி விளிம்பு கட்டி ஓடுகிறது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களில் வாய்க்கால் பாயும் நிலத்தில் வாழையும் வெற்றிலைக் கொடியும் செழிக்கின்றன. அங்கிருந்து சில மைல் வடக்கே ஏறினால் வானம் பார்த்த மேட்டுக்காடு; சோளமும் கம்பும் ஆமணக்கும் மழையை நம்பி விதைக்கப்பட்ட மண். ஆற்றங்கரை ஏக்கரும் மேட்டுக்காட்டு ஏக்கரும் பத்திரத்தில் ஒரே அளவாயினும், உலையில் ஏறும் அரிசியில் ஒன்றல்ல. இவ்விரண்டில் வறண்ட பாதியைத் தேர்ந்து குடியேறியவர் மூதறிஞர் இராஜாஜி. கவர்னர் ஜெனரலாகத் தில்லியில் வீற்றிருந்த இராஜாஜியைவிட இந்த இராஜாஜியே நம் பகுதிக்கு நெருக்கமானவர்.

1878 டிசம்பர் 10ஆம் நாள், அன்றைய சேலம் மாவட்டத்து ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் பிறந்தார். 1900-இல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, விரைவிலேயே பெயரும் பொருளும் ஈட்டினார். 1916-இல் நண்பர்களுடன் சேர்ந்து, அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் காணும் பொருட்டுச் சேலத்தில் ஒரு சங்கம் கண்டார். தமிழிலக்கிய அமைப்புகளின் வரலாறு எழுதுவோர் இச்செய்தியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தார். பின் காந்தியடிகளின் வழியில் நின்று, வருவாய் மிக்க தொழிலைத் துறந்து, 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார்.

1925 பிப்ரவரி 6ஆம் நாள், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. நிலம் தந்தவர் ஊர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்து வைத்தவர், அந்நாளில் காங்கிரசில் இருந்த ஈ.வெ.ராமசாமி, பிற்காலத்தில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இருவரும் அன்று ஒரே பந்தலின் கீழ் நின்றனர். சென்னை நாகரிகம் பழகிய வழக்கறிஞர் குடிசையில் வாழத் தலைப்பட்டார்.

ஆசிரமத்தின் வேலை எளியது. அறுவடை முடிந்தால் மேட்டுக்காட்டில் மாதக்கணக்கில் வேலையில்லை. மழை பொய்த்த ஆண்டில் அறுவடையே இல்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக் கூலி தந்து, அந்நூலை நெசவாளரிடம் கொடுத்துக் கதராக்கினர். பெண்கள் மைல் கணக்கில் நடந்து நூல் கொண்டு வந்தனர். நாளெல்லாம் நூற்றாலும் கிடைப்பது மிஞ்சினால் ஓரிரு அணா. ஆலைத்துணி வாங்கும் நகரத்தார்க்கு அது காசே அல்ல; ஆமணக்கு கருகிய வீட்டிலோ அன்றைய கஞ்சி அதுதான். ஒடுக்கப்பட்ட வகுப்பினரையும் சமமாக ஆசிரமத்தில் வாழவைத்தமையால் சுற்றுப்புறத்தில் முகச்சுளிப்பு எழுந்தது. ஆயினும் அந்த ஏற்பாட்டை இராஜாஜி மாற்றவில்லை.

கூலி கொடுத்தால் மட்டும் வறுமை அகலாது என்று அவர் கற்றுக்கொண்ட பள்ளியும் இதுவே. வீட்டுக்கு வந்த காசு வீட்டில் தங்கவில்லை. ஒரு வழி வட்டிக்காரரிடமும் மறுவழி கள்ளுக்கடைக்கும் போயிற்று. கள்ளுக்கடைகளை அரசு ஆண்டுதோறும் ஏலம் விட்டது. ஏலத்தில் உயர்த்திக் கேட்டவர், போட்ட முதலை அதே ஊர்க் கூலிக்காரரிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும். மாகாணத்தின் பெருவருவாய்களில் ஒன்றாக இருந்த அப்பணம், பள்ளிக்கூடங்களை நடத்தவும் பயன்பட்டது. ஏழையின் குடியில் பிறந்த பணத்தால் யார் பிள்ளை படித்தது என்பது கேட்கத்தக்க கேள்வி. இராஜாஜி அதனை விடாது கேட்டார். 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழ் ஆசிரமத்திலிருந்து வெளிவந்தது. அதில் துணைநின்றவர் கல்கி. பின்னாளில் தமிழ் வாசகரைச் சோழர் காலத்துக்கு அழைத்துச் சென்ற அந்தக் கை, அன்று கள்ளுக்கடைக்கு எதிராகக் கதை எழுதிப் பழகியது. இராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’யும் இதே மண்ணின் துயரத்தில் விளைந்தது.

1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் முதல் நாளிலேயே மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்! புதுப்பாளையத்தில் பார்த்த கணக்கு சட்டமாயிற்று. மறு ஆண்டில் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வடாற்காடும் சேர்ந்தன. 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியவரின் கடன் தீர்ந்ததாயிற்று. பழங்கடன்களின் வட்டி நிலுவை நீங்கிற்று.

இச்சட்டங்களுக்கு வேறொரு பக்கமும் உண்டு. கடன் சட்டத்தின் பயன் நிலத்தில் உரிமை உடையவர்க்கே. நிலமற்ற கூலிக்காரர் அதன் வரம்புக்கு வெளியே நின்றார். மதுவிலக்கினால் பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் தொழிலிழந்தன. பதநீர் இறக்கிப் பனைவெல்லம் காய்ச்சும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டதாயினும், அது கள்ளுக்கு ஈடான வருவாயன்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. வணிகர் கூக்குரலிட்டனர், இறுதியில் அதனைச் சுமந்தவர் பொருள் வாங்கியவரே. அவ்வாண்டு அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில், 1943-இல், மதுவிலக்கும் நிறுத்தி வைக்கப்பட்டது.

இதற்கிடையே சமவெளியின் முகம் வேறு கைகளால் மாறிக்கொண்டிருந்தது. 1934-இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர் பெரும்பாலும் தஞ்சைக்குப் போயிற்று. மின்சாரம் ஆலைக்கு வந்தது. ஆலை நூலுக்கு முன் இராட்டை நூல் நிற்கவில்லை. பின்னர்ப் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி இரைந்தது. நாமக்கல் லாரிக்கும் முட்டைக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிக்கும் பெயர் பெற்றன. வறட்சியே மேட்டுக்காட்டாரை வேறு தொழிலுக்குத் துரத்தியது எனலாம். ஆனால் லாரி வாங்க முதல் வேண்டும். முதலுக்கு ஈடாக நிலம் வேண்டும். நிலமில்லாதவர் அதே லாரியில் கூலிக்கு ஏறினார்.

1952-இல் மீண்டும் முதலமைச்சரான இராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். சேலம் நெசவாளரை அறிந்தவர் குரல் அது. ஆயின் மறு ஆண்டில், அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்னும் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். தறியை விட்டும் கலப்பையை விட்டும் பிள்ளையை வெளியேற்றப் பள்ளி ஒன்றே வழி என நம்பிய பெற்றோர், அதைக் குலக்கல்வி என்றே கண்டனர். கிராமத் தொழிலின் மதிப்பைப் புதுப்பாளையத்தில் உணர்ந்தவர், அத்தொழிலிலிருந்து தப்பிக்கத் துடித்தவர் மனத்தை உணரவில்லை. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

1971-இல் மதுவிலக்கை நீக்கத் தமிழக அரசு முனைந்தபோது இராஜாஜிக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லம் தேடிச் சென்று, வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 30ஆம் நாள் விலக்கு நீங்கிற்று. 1972 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார். புதுப்பாளையத்து ஆசிரமம் கதர்ப் பணியைத் தொடர்ந்து கொண்டிருந்தது.