லொம்புரோசோவும் வெடிகுண்டுக் கூட்டத்தாரும்

சென்ற பருவத்தில் நம் கல்லூரி நூல்நிலையத்துப் பழைய நூல்களைத் தூசி தட்டி அடுக்குங்கால், மனிதருடைய காதும் தாடையும் நெற்றியும் படமிடப்பெற்ற ஓர் ஆங்கில நூல் எம் கைக்கு எட்டிற்று. இத்தாலிய அறிஞர் சேசரே லொம்புரோசோவின் கொள்கைகளை அவர்தம் மகளார் ஜீனா 1911-ஆம் ஆண்டிற் சுருக்கி வெளியிட்ட நூல் அது. உடனிருந்த நண்பர் ஒருவருடைய காதுகள், குற்றவாளியின் காதுகள் என்று அதிற் காட்டப்பெற்றவற்றை ஒத்திருத்தல் கண்டு யாம் நகைத்தோம். நண்பரும் நகைத்தார், ஆயினும் சிறிது நேரங்கழித்து அந்நூலை மூடி வைத்தவரும் அவரே.

அந்நகைப்பே இக்கட்டுரைக்கு வித்து. ஒருவன் வெடிகுண்டு எறிகின்றான். அவனை அறியாத மக்கள் மாள்கின்றனர். அவனை அவ்வாறு ஆக்கியது யாது? இவ்வினாவைச் சினத்தோடன்றி ஆராய்ச்சியோடு கேட்கத் துணிந்த முன்னோருள் ஒருவர் லொம்புரோசோ. அவர் கண்ட விடை பெரும்பாலும் பிழை. பிழைபட்டவர் சரிதம் எற்றுக்கு எனின், அவர் பிழைத்த வழியிலே இன்றும் பலர் செல்லுதலானும், பிழையினூடே அவர் கண்ட மெய் ஒன்றை அக்காலத்து ஆட்சியாளர் காணாது போயினமையானும் என்க.

லொம்புரோசோ 1835-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் நாள் வெரோனா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அந்நகர் அப்பொழுது ஆஸ்திரியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பவியா, பதுவா, வியன்னா ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்று 1858-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் இத்தாலிய விடுதலைப் போர் மூளவே, படை மருத்துவராய்ச் சேர்ந்தார். போர் ஓய்ந்த நாட்களிற் படைவீரர் ஏறத்தாழ 3000 பேருடைய உடலை அளந்து குறித்தார். நல்லொழுக்கமுடைய வீரரையும் கெட்ட நடத்தையுடையாரையும் வேறு பிரித்துக் காட்டுவன அவர்கள் உடம்பிற் குத்திய பச்சைகளே என்று அவருக்குத் தோன்றிற்று. அளவுகோலை ஒருமுறை கையிலெடுத்தவர் பின்னர் அதனைக் கீழே வைத்தாரல்லர்.

அவர் வாழ்க்கையில் யாம் பெரிதும் மதிக்கும் பகுதி ஒன்றுண்டு. அதனைப் பலர் அறியார். வட இத்தாலியக் குடியானவர், மக்காச்சோளக் களியன்றி வேறுணவின்றிப் பெல்லாக்ரா என்னும் நோயால் தோல் வெடித்துச் சித்தங் கலங்கி மாண்டனர். கெட்டுப்போன சோளத்தின் நஞ்சே காரணம் என்று லொம்புரோசோ முழங்கினார். கெட்ட தானியத்தை உழவர் தலையிற் கட்டிவந்த நிலக்கிழார் அவரைப் பகைத்தனர். மருத்துவர் பலர் எள்ளினர். 1902-இல் கெட்ட சோளத்தின் விற்பனையைத் தடுக்கும் சட்டம் இத்தாலியில் வந்தது. நோயின் உண்மைக் காரணம் உணவிற் சத்துக் குறைவே என்பது பிற்காலத்திற் புலனாயிற்று. காரணத்தைத் தவற விட்டார். ஆயினும் நோய் ஏழையின் கலத்திலிருந்து வருவது என்பதனைத் தவற விடவில்லை. இது பின்னர் வரும் செய்திகளுக்கும் பொருந்துவதாகும்.

1871-இல் அவர் ஒரு மண்டையோட்டைப் பற்றி எழுதினார். கலாப்ரியா நாட்டு வில்லெல்லா என்பானுடையது அது. அதன் பிற்புறத்து அடியில், மனிதர் பெரும்பாலார்க்குக் காணப்படாத ஒரு குழி இருந்தது. கீழ்நிலை விலங்குகளிற் காணப்படும் அக்குழி இவனுக்கு இருத்தலின், நாகரிகத்திற்கு முற்பட்ட மூதாதையர் இயல்பு இவனிடம் மீண்டது என்றும், குற்றவாளி பிறப்பிலேயே குற்றவாளி என்றும் அவர் முடிவு கட்டினார். ஒரு குழியிலிருந்து ஒரு சாஸ்திரம் எழுந்தது. 1876-இல் வெளிவந்த குற்றவாளி மனிதன் என்னும் பொருள்படும் அவர் நூல், ஐந்து பதிப்புகளிற் சிறிய நூலாயிருந்தது பல பகுதிகளாய்ப் பெருத்தது. அவ்வாண்டிலேயே தூரின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பெர்ரி, கரோபலோ முதலிய மாணாக்கர் சூழ, குற்றவியல் ஒரு தனித் துறையாயிற்று. குற்றத்தை விடுத்துக் குற்றஞ் செய்தானை நோக்குக என்பதே அவர்கள் நெறி.

இனி வெடிகுண்டுக் காலத்திற்கு வருவோம். அரசு என்பதே வேண்டா என்னும் அராஜகக் கொள்கையினருள் ஒரு சாரார் அந்நூற்றாண்டின் இறுதியிற் கொலைவழியை மேற்கொண்டனர். அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 1886 மே 4-ஆம் நாள் தொழிலாளர் கூட்டத்தின்போது ஒரு குண்டு வெடித்தது. எறிந்தவன் யாரென்பது வெளிப்படவேயில்லை. எனினும் அராஜகர் நால்வர் 1887-இல் தூக்கிலிடப்பட்டனர். வேறு சிலர் சிறைப்பட்டனர். லொம்புரோசோ அந்நகரைக் கண்டவரல்லர், அம்மனிதரைக் கண்டவருமல்லர். படங்களை மட்டும் பார்த்து, அவர்கள் முகங்களிற் குற்றக் குறிகள் உள்ளன என்று 1891-இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். சிறையிலிருந்த மைக்கேல் ஷ்வாப் என்பார் அதனைப் படித்து, அச்சஞ்சிகையிலேயே அவ்வாண்டில் மறுப்பெழுதி, அப்படங்களை நம்பி மனிதரை எடைபோடுதல் தகாது என்று காட்டினார். புகழ்பெற்ற ஆசிரியர் ஒருபுறம்; சிறையாடை உடுத்த நூற்கட்டுத் தொழிலாளி ஒருபுறம். வாதில் வென்றவர் தொழிலாளியே என்பது எம் கருத்து. இரண்டு ஆண்டுகளின் பின் 1893-இல் அம்மாகாணத் தலைவர் ஆல்ட்கெல்டு, விசாரணை நேர்மையற்றது என்று கண்டு ஷ்வாபை விடுவித்தார்.

பிரான்சு தேசத்தில் நடந்தவையோ ஒன்றையொன்று இழுத்துவரும் சங்கிலி போன்றன. 1891 மே மாதத்துக் கலகமொன்றிற் சிறைப்பட்ட அராஜகருக்காகப் பழிவாங்க, ரவஷோல் என்பான் 1892 மார்ச்சில் நீதிபதி ஒருவரும் அரசாங்க வழக்கறிஞர் ஒருவரும் குடியிருந்த வீடுகளில் வெடி வைத்தான். அவன் தலை அவ்வாண்டு ஜூலையில் விழுந்தது. 1893 டிசம்பர் 9-ஆம் நாள் வாயான் என்பான் சட்டசபையிற் குண்டெறிந்தான். ஒருவரும் இறந்திலர், எனினும் 1894 பிப்ரவரி 5-ஆம் நாள் அவன் தலையும் வெட்டப்பட்டது. ஒரு வாரங்கூடக் கழிந்த அளவிலே, பிப்ரவரி 12-ஆம் நாள், எமில் ஹென்றி என்னும் இளைஞன் பாரிஸ் நகரத்துக் காப்பிக்கடையொன்றில் இசை கேட்டிருந்தோர் நடுவே குண்டெறிந்தான். அவனுக்கு வயது 21, நன்கு கற்றவன். மே 21-ஆம் நாள் அவனும் மாண்டான். ஜூன் 24-ஆம் நாள் லியோன் நகர வீதியில் வண்டியிற் சென்ற குடியரசுத் தலைவர் கார்னோவைச் சாந்தே கசேரியோ என்பான் கட்டாரியாற் குத்திக் கொன்றான். இவன் இத்தாலியன்; ரொட்டி சுடுந் தொழிலாளி; இளமையிற் பக்தியுடைய பிள்ளையாயிருந்தவன்; வயது 20.

இவ்வெண்ணை எழுதுங்கால் எம் எழுதுகோல் சிறிது நின்றது. எமக்கு அவனினும் ஓராண்டே குறைவு. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலார் ஹென்றிக்கும் கசேரியோவுக்கும் ஒத்த வயதினரே.

அவ்வாண்டிலேயே லொம்புரோசோ அராஜகர் என்னும் நூலை வெளியிட்டார். அரசியற் குற்றத்தைப் பற்றி லாஸ்கி என்பாருடன் கூடி 1890-இல் அவர் எழுதிய நூலில், பலர் உள்ளத்தில் மெல்ல முதிர்ந்து வரும் புரட்சி வேறு, சிலர் திடீரென எழுப்பும் கலகம் வேறு என்று பகுத்திருந்தார். இப்பொழுது அக்கலகத்தாரைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தார். ரவஷோலின் முகம் அவர் கொள்கைக்கு இசைந்தது. ஆதலின் அவன் பிறவிக் குற்றவாளி. கசேரியோவின் முகமோ சாந்தமானது. அப்பொழுது லொம்புரோசோ என் செய்தார்? முகத்தை விடுத்துக் குடும்பத்துட் புகுந்து, தந்தைக்கிருந்த வலிப்பு நோயை மகன் செயலுக்குக் காரணமாக்கினார். வாயானை, தானே சாகவேண்டி அரசின் கையைத் தேடியவன் என்றார். முகம் கெட்டதாயின் பிறவிக் குணம், நல்லதாயின் நோய், அதுவும் இன்றேல் ஆர்வ மிகுதி. எப்பக்கம் புரட்டினும் தோலாத கொள்கை, எதனையும் மெய்ப்பித்த கொள்கை ஆகாது. தர்க்கம் பயிலும் மாணவர் இதனைச் சான்றாகக் குறித்துக் கொள்ளலாம்.

ஆயினும் இந்நூலைக் கீழே எறிந்துவிட எம்மால் இயலவில்லை. இதில் வேறொரு லொம்புரோசோவும் இருக்கின்றார். இளைஞர் பலர் இக்கூட்டத்திற் சேர்வது தந்நலங் கருதியன்று, பிறர் துன்பங் கண்டு பொறாத மனத்தாலே என்றும், அம்மனமே நெறி திரிந்து கொலையில் முடிகின்றது என்றும் அவர் வெளிப்படையாய் எழுதினார். நாட்டின் வறுமையையும் ஆள்வோர் ஊழலையும் காரணங்களாக எண்ணினார். முற்கூறிய சங்கிலியை நோக்கி, ஒவ்வொரு மரணதண்டனையும் அடுத்த கொலைஞனுக்கு ஒரு தியாகியைப் படைத்துத் தருகின்றது என்றும், நோயுற்றாரை வைத்தியசாலையில் வைத்தலும் கொடியாரை நாடு கடத்தலும் போதும் என்றும் வாதித்தார். தலைவரை இழந்து பிரான்சு கொதித்திருந்த வேளையிலே, கொன்றவனைப் பெற்ற நாட்டிலிருந்து இதனைச் சொல்லுதல் எளிதன்று. காயீனுக்கு இடப்பெற்ற அடையாளம் குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். ஆதியாகமத்திலோ அவனை எவனும் கொன்றுபோடாதபடி இடப்பெற்றது அது. அடையாளந் தேடிய லொம்புரோசோ அந்த இரண்டாம் பொருளையும் முற்றும் மறந்தாரல்லர்.

அரசினர் அவர் சொற் கேட்டாரல்லர். கசேரியோ ஆகஸ்டு 16-ஆம் நாள் தலையிழந்தான். இத்தாலியிற் கிரிஸ்பியின் ஆட்சி கடுஞ்சட்டங்கள் இயற்றிற்று. 1898-இல் ஜெனீவா நகரில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தும், 1900-இல் மோன்சாவில் இத்தாலிய மன்னர் உம்பர்ட்டோவும் இத்தாலிய அராஜகர் கையால் மாண்டனர்.

லொம்புரோசோ காணாது விட்டது யாது? அவர் தனி மனிதனை அளந்தார். அவன் கூட்டத்தை அளந்தாரல்லர். அவர் காலத்திலேயே பிரான்சு தேசத்து நீதிபதி கபிரியேல் தார்து என்பார், குற்றம் பெரும்பாலும் பிறரைப் பார்த்துக் கற்பது என்று அவரை மறுத்தார். கார்னோவின் உடலைப் பரிசோதித்த லியோன் மருத்துவர் லக்கசாஞ்ஞும் சமுதாயச் சூழலே குற்றம் வளரும் நிலம் என்னும் கட்சியினர். ஆங்கில மருத்துவர் கோரிங்கு, சிறைக்கைதிகள் 3000 பேருக்கு மேல் அளந்து, குற்றவாளிக்கெனத் தனி உடற்சாயல் இல்லை என்று 1913-இல் நிறுவினார். அமெரிக்கரான சதர்லாந்து 1939-இல், குற்றம் நெருங்கிய உறவினரிடமும் தோழரிடமும் கற்கப்படுவது என்னும் கொள்கையை வெளியிட்டார். 1981-இல் மார்த்தா கிரென்ஷா என்னும் அறிஞர், பயங்கரவாதிகளிடம் பொதுவாய்க் காணப்படும் இயல்பு பைத்தியமன்று, சாதாரணத் தன்மையே என்றெழுதினார். 2004-இல் மார்க் சேஜ்மன் என்னும் மனநல மருத்துவர், பலரை அக்கூட்டங்களுட் புகுத்தியது நட்பும் உறவுமே என்று பலருடைய வரலாற்றை ஆராய்ந்து காட்டினார். ஒருவன் முதலிற் கொள்கையை நம்பிப் பின்னர்த் தோழரைத் தேடுகின்றான் என்றே யாம் எண்ணியிருந்தோம். பலரிடத்தில் தோழமையே முந்தியது, கொள்கை பிந்தியது. சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தைப் பரீட்சைக்காகப் பாடஞ் செய்த எமக்கு, இதனை மேனாட்டார் நூலிற் கண்டபின்பே அதன் பொருள் உறைத்தது என்று ஒப்புக்கொள்ள நாணுகின்றோம்.

பிறப்பிலே குற்றம் உண்டென்னும் எண்ணத்தின் கேட்டை அறிய நாம் இத்தாலிக்குச் செல்ல வேண்டுவதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் எழுந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சென்னை மாகாணத்திற்கும் பரவியது. லொம்புரோசோ அதனை இயற்றியவரல்லர். அவர் பெருநூலினும் அது மூத்தது. ஆயினும் இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920-இல் துப்பாக்கி சுடப்பட்டுப் பலர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும் இந்தியா முழுதும் 1952-இலும் அச்சட்டம் நீங்கிற்று.

முதுமையில் லொம்புரோசோ ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்குச் சென்று அவற்றையும் நம்பத் தலைப்பட்டார். அதனை விரித்தல் வேண்டா. 1897-இல் மாஸ்கோ மருத்துவ மாநாட்டிற்குச் சென்றபோது டால்ஸ்டாயைக் கண்டார். விருந்தினர் கொள்கையை அம்முனிவர் ஏற்றாரில்லை. சமதர்மக் கட்சியின் சார்பில் தூரின் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். 1909 அக்டோபர் 19-ஆம் நாள் அந்நகரிலேயே உயிர் நீத்தார். அவர் மருமகனாரும் அவருடைய ஆசிரியப் பணியைத் தொடர்ந்தவருமாகிய மாரியோ கர்ராரா, 1931-இல் முசோலினி ஆட்சிக்கு உறுதிமொழி கூற மறுத்துப் பதவியிழந்தார். இத்தாலிப் பல்கலைக்கழக ஆசிரியர் ஆயிரத்துக்கு மேற்பட்டோருள் மறுத்தவர் ஒரு டஜன் பேரே. உறுதிமொழி கேட்ட ஆட்சியோ, தெருவில் அடியாட்களை ஏவி அதிகாரத்தைப் பற்றிய கூட்டத்தாருடையது.

லொம்புரோசோ தம் உடலைத் தாம் தொகுத்த காட்சிசாலைக்கே எழுதி வைத்தார். 2009-இல் மீண்டும் திறக்கப்பெற்ற அத்தூரின் காட்சிசாலையில் அவர் எலும்புக்கூடு நிற்கின்றது. வில்லெல்லாவின் மண்டையோடும் அங்கேயே உள்ளது. லொம்புரோசோ கொள்ளைக்காரன் என்றெழுதிய அவன், சிறு திருட்டுக்காகச் சிறைப்பட்டு மாண்ட ஏழை என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். அவன் பிறந்த ஊரார் அத்தலையை மீட்டு அடக்கஞ் செய்ய வழக்குத் தொடுத்தனர். 2012-இல் கீழ்க் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது மாறிற்று. 2019-இல் உயர்ந்த நியாயஸ்தலமும் காட்சிசாலைக்கே உரிமை என்றது. அளந்தவரும் அளக்கப்பட்டவனும் ஒரு கூரையின்கீழ் இருக்கின்றனர்.