விளையாட்டுத் திடலில் ஒரு புனிதர்

கோவில் வளாகத்தில் சிறுவர் பந்து விளையாடினால் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. செபம் வேறு, விளையாட்டு வேறு என்று எண்ணிவிடுகிறோம். இரண்டையும் ஒரே முற்றத்தில் சேர்த்துவைத்து, எண்ணற்ற இளைஞரின் உடலையும் ஆன்மாவையும் காத்த குரு ஒருவரை நினைவுகூர்வது நமக்கு நன்மை பயக்கும். அவரே புனித ஜான் போஸ்கோ.

வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தை இறந்தார். தாய் மார்கரீத்தா அம்மையார் வயலில் உழைத்துப் பிள்ளைகளை இறைப்பற்றில் வளர்த்தார்.

சந்தையில் கழைக்கூத்தாடிகள் செய்யும் வித்தைகளைச் சிறுவன் ஜான் உற்றுநோக்கி, விழுந்து எழுந்து பழகிக்கொண்டான். விடுமுறை நாள்களில் வீட்டருகே கயிறு கட்டி நடந்து காட்டுவான். அதற்குக் கட்டணம் காசு அன்று. கூடியிருப்போர் அவனோடு செபமாலை சொல்லவேண்டும். கோவிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திரும்பச் சொல்லக் கேட்கவேண்டும்.

கியேரி நகரில் படித்த காலத்தில் தோழரைக் கூட்டி மகிழ்ச்சிச் சங்கம் ஒன்றை நிறுவினார். அங்கே ஒரு வித்தைக்காரர் ஞாயிறு வழிபாட்டு நேரத்திலேயே காட்சி நடத்தி இளைஞரை இழுத்துவந்தார். ஜான் அவரோடு பந்தயம் கட்டி, ஓட்டத்திலும் தாண்டுதலிலும் கோல் வித்தையிலும் மரமேறுதலிலும் வென்றார். ஆயினும் அவரை நொடித்துப்போக விடாமல் பணத்தைத் திருப்பித் தந்தார். சங்கத்தாருக்கு ஒரு விருந்து மட்டும் வைக்கச் செய்தார்.

1841 ஜூன் 5ஆம் நாள் குருப்பட்டம் பெற்றதும், தூரின் நகரச் சிறைகளைப் பார்வையிடச் சென்றார். உடல் வலிவும் அறிவும் உள்ள இளைஞர்கள் அங்கே வீணே அழிவதைக் கண்டு உள்ளம் நொந்தார். வேலை தேடி நகருக்கு வந்து, ஆறு நாளும் கட்டட வேலையிலும் பட்டறையிலும் உழலும் சிறுவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் போக்கிடம் இல்லை. அன்பு காட்டுவாரும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் அநாதைச் சிறுவன் ஒருவனோடு அவரது பணி தொடங்கிற்று. பூசை, ஞானோபதேசம், பிறகு ஓட்டமும் ஆட்டமும் என்று நாள் கழியும். கூச்சல் பொறுக்காத அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, இடம் விட்டு இடம் துரத்தப்பட்டார்கள். இறுதியில் 1846ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் வால்தோக்கோவில் ஒரு தாழ்ந்த கொட்டகையும் அதைச் சுற்றிய நிலமும் கிடைத்தன.

அதே ஆண்டில் அளவுமீறிய உழைப்பால் அவர் சாகும் தறுவாயை அடைந்தார். சிறுவர்கள் உபவாசமிருந்து மன்றாடினார்கள், அவர் பிழைத்தெழுந்தார். நவம்பரில் தாயையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். ஒருமுறை பிள்ளைகள் போர் விளையாட்டில் அம்மையாரின் காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கினர். மனமுடைந்து ஊர் திரும்ப எண்ணிய தாய்க்கு, மகன் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். அம்மையார் அதன்பின் போகவில்லை. 1856இல் இறக்கும்வரை அப்பிள்ளைகளுக்குத் தாயாகவே இருந்தார்.

1854இல் தோமினிக் சாவியோ என்னும் மாணவன் வந்து சேர்ந்தான். புனிதனாகவேண்டும் என்ற தாகத்தால் அவன் விளையாட்டை விட்டு ஒதுங்கி முகம் வாடியிருந்தான். மெலிந்த உடலைக் கடுந்தவத்தால் வருத்தவும் முற்பட்டான். ஜான் போஸ்கோ அத்தவங்களைத் தடுத்தார். செபத்தையும் படிப்பையும் செவ்வனே செய்து, தோழரோடு மகிழ்ந்து விளையாடுமாறு பணித்தார். பதினைந்து வயது நிறையுமுன்பே இறந்த அச்சிறுவன் பின்னர் புனிதர் பட்டம் பெற்றான்.

1859இல் சலேசிய சபை பிறந்தது. 1884இல் உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு அவர் எழுதிய மடல் ஒரு தந்தையின் வேதனை நிறைந்தது. விளையாட்டுத் திடலில் களிப்புக் குன்றிவிட்டது. சிறுவர்கள் சோர்ந்து மூலைகளில் ஒதுங்குகிறார்கள். பெரியவர்கள் அவர்களோடு கலந்து விளையாடாமல் விலகி நிற்பதே காரணம் என்று வருந்தினார். திடலில் நெருக்கம் குறைந்தால் நம்பிக்கை குறையும், தேவதிரவிய அனுமானங்களிலும் ஆர்வம் குறையும் என்பது அவர் கண்ட அனுபவ உண்மை.

1888 ஜனவரி 31ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். 1934இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவருடைய சபையார் 1906இல் நம் தஞ்சைக்கே வந்து பணி தொடங்கினர்.

இன்று நம் பிள்ளைகள் புத்தக மூட்டையின் பாரத்திலும், கைபேசியின் மயக்கத்திலும் ஓடியாட மறந்து வருகிறார்கள். வியர்க்க விளையாடும் பிள்ளை நன்றாக உண்கிறது, நன்றாக உறங்குகிறது. தோல்வியைத் தாங்கவும் பிறருக்கு விட்டுக்கொடுக்கவும் கற்கிறது. எனவே பெற்றோரே, பெரியோரே! கோவிலைச் சுற்றி மதில் எழுப்பும்போது பிள்ளைகள் ஓடியாட ஒரு துண்டு நிலத்தையும் விட்டுவைப்போம். அங்கே அவர்களைத் தனியே விடாமல் நாமும் சற்று நேரம் நிற்போம். புனித ஜான் போஸ்கோ நமக்காக மன்றாடுவாராக!