அழ. வள்ளியப்பாவும் எட்டு லட்டும்



இந்தத் தடவை நான் எழுதப்போவது குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா அவர்களைப் பற்றி. ‘அழ’ என்றால் அழுகிற அழ இல்லை. அவருடைய அப்பா பேர் அழகப்பர், அதன் முதலெழுத்துக்கள்தான் அது. ஆனாலும் இப்படி ஒரு இனிஷியலை வைத்துக்கொண்டு குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்!

புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922 நவம்பர் 7-ல் பிறந்தார். குழந்தைகள் தினத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னாடி. சின்ன வயதில் சிநேகிதர்களோடு நடந்துதான் பள்ளிக்கூடம் போவாராம். போகிற வழியில் ஒரு சினிமாக் கொட்டகை விளம்பரம் கண்ணில் பட, அதையே ராகம் போட்டுப் பாட்டாக்கி விட்டாராம். கூட வந்த பையன்கள் எல்லாம் அதைப் பாடிக்கொண்டே நடந்தார்களாம். நாமளும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அண்ணன் சொல்ற ஸ்டாப் பேரை வைத்து ராகம் போடுறோமே, அந்த மாதிரிதான். நாம விட்டுவிடுகிறோம், அவர் விடவில்லை.

1940-ல் சென்னையில் சக்தி பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. அவரை எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 1941-ல் இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. பகலில் பணக் கணக்கு, மிச்ச நேரத்தில் பாட்டு. 1944-ல் ‘மலரும் உள்ளம்’ என்ற முதல் புத்தகம் வந்தது. அதில் 23 பாட்டுகள்.

அவருக்கு முன்னாடியே பாரதியாரும் கவிமணியும் குழந்தைகளுக்கு எழுதியிருக்கிறார்கள். பாரதியாரின் பாப்பா பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதில் பாதிக்குமேல் புத்திமதி. ஆறு வயசுப் பிள்ளைக்கு வீட்டிலும் புத்திமதி, வகுப்பிலும் புத்திமதி, பாட்டிலும் அதுவே என்றால் பாவம் இல்லையா? வள்ளியப்பாவும் காந்தி கதையை எல்லாம் பாட்டாக எழுதியவர்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொள்வது அவருடைய சிரிப்புப் பாட்டுகளைத்தான்.

லட்டுப் பாட்டு நமக்கெல்லாம் தெரியும். ஒரு தட்டு, எட்டு லட்டு, கிட்டு, பட்டு, அவ்வளவுதான் கதை. வரிக்கு வரி ‘ட்டு’ என்று முடியும். டீச்சர் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் நிறுத்தினால் போதும், வகுப்பே கத்தும். கரும்பலகையில் பத்துத் தடவை எழுதிப் போட்டாலும் வராத ‘ட்டு’ அதில் தானாக வந்துவிடும். எட்டில் பாதி நாலு என்பதும் அதிலேயே இருக்கிறது. கடைசியில் தட்டு காலி. அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

எங்க சித்தி பையன் இந்தப் பாட்டில்தான் வாயைத் திறந்தான். முன்னாடி படித்த இடத்தில் தமிழில் பேசினால் பெஞ்சுமேல் நிற்க வைப்பார்களாம். நம்ம பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங் கிளாஸ் சேர்ந்து தீபாவளி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுத்தைக் காட்டினால் தலையைக் குனிந்துகொள்வான். பையன் ஊமையாட்டம் ஆயிட்டானே என்று சித்தி எங்க அம்மாகிட்ட வந்து அழுதாங்க. ஒரு நாள் டீச்சர் நிஜத் தட்டு கொண்டுவந்து, களிமண்ணில் எட்டு உருண்டை பிடித்து வைத்து, ரெண்டு பிள்ளைகளைக் கிட்டு, பட்டு ஆக்கிப் பாடினாங்களாம். தட்டு காலியானதும் இவன் எழுந்து நின்று, எனக்கு எங்கீங் டீச்சர் என்று கேட்டுவிட்டான்! வகுப்பே சிரிக்க, இவனும் சிரித்திருக்கிறான். மறுநாள் டீச்சர் பன்னிரண்டு உருண்டை பிடித்து மூணு பேருக்குப் பங்கு போட்டாங்க. இப்போ தட்டு, கட்டு, பட்டு எல்லாம் எழுதுகிறான். வாசிப்பதுதான் இன்னும் எழுத்துக் கூட்டித்தான்.

வள்ளியப்பா தான் மட்டும் எழுதினால் போதும் என்று இருக்கவில்லை. குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் ஒன்றுசேர 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். பூஞ்சோலை, கோகுலம் பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அதே காலத்தில் நம்ம கொங்குநாட்டுக்காரர் ஒருத்தரும் குழந்தைகளுக்காக உழைத்தார். மொடக்குறிச்சிப் பக்கம் பிறந்து, பெரியநாயக்கன்பாளையத்தில் ஆசிரியராக இருந்த பெ. தூரன்தான் அவர். குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிக்கும் அவர்தான் முதன்மைப் பதிப்பாசிரியர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இந்தத் தாளில் இடம் போதாது.

வள்ளியப்பா 1989 மார்ச் 16-ல் காலமானார். அவர் பாட்டுப் புத்தகம் ஒன்று நம்ம நூலக அலமாரியில் இருக்கிறது, அட்டை கிழிந்தது. இப்போது இரண்டாம் வகுப்பு டீச்சர் வாங்கிப் போயிருக்காங்க. திங்கட்கிழமை திரும்ப வருமாம். எனக்கு அடுத்து யாருக்கு வேணும் என்று இப்பவே சொல்லி வையுங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி